மூன்றாவது சீட்டு

ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை

என் அன்புச் சிட்டுவுக்கு அண்ணி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். ஒன்பது மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் இந்த வரியை எழுதி வருகிறேன், இந்த முறைதான் பாதியாவது உண்மை. மீதிப் பாதியை நீ அனுப்பிய டிக்கெட் பார்த்துக்கொள்ளும். நேற்று வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதி, ஜன்னலோர இருக்கை. உன் அண்ணன் போன பிறகு ‘பார்த்துக்கலாம், நாங்க இருக்கோம்ல’ என்று சொன்னவர்கள் ஏராளம். தேதி குறித்து, இருக்கை எண்ணும் போட்டு, ‘கிளம்பி வந்துடுங்க அண்ணி’ என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். நான் நன்றி சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும், சொல்லிவிட்டேன்.

வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிக்கிறேன். முன்னறையில் வெட்டும் மேசையும் பெரிய தையல் மெஷினும் மட்டும் பாக்கி. அந்த மெஷினை விமானத்தில் ஏற்றினால் விமானம் இறங்கிவிடும். மார்க்கெட் பக்கம் சீட் கவர் கடை வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார், அவரிடமே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். எப்படியும் என் கண் முன்போல் இல்லை. போன வாரம் ஒரு ஊசியில் நூல் கோர்க்க ஏழு தடவை ஆயிற்று. நான் கல்யாணமாகி வந்த புதிதில் உனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் இருபது ஊசியில் நூல் கோர்த்து, பஞ்சு மெத்தையில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாய். அதை நினைத்துக்கொண்டேதான் அந்த ஏழு தடவையும் முயன்றேன்.

நீ எப்படி இருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை நான்கு முறை போன் செய்தாய். நாலாவது தடவை எதற்கு என்று கேட்டதற்குச் ‘சும்மாதான் அண்ணி’ என்றாய். பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய், நீ தனியாளாக ஆன பிறகு சமைப்பதே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நினைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே ஞாயிறு காலையில் கணக்கு சாரும் பெயிண்டரும் வந்தார்கள். உனக்கு அவர்களை மறந்திருக்காது. உன் அண்ணன் லீவு நாளெல்லாம் இவர்களோடு சேர்ந்துதானே யாரோ தூக்கிப் போட்ட பழைய கார்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். கணக்கு சார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வயரிங் அவர் பொறுப்பு. பெயிண்டருக்குப் பெயரே வேலைதான். இன்ஜின் உன் அண்ணன். தைத்துக் கொடுத்தது நான். ஆனால் ‘மூவர் குழு’ என்றுதான் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு டீ போடுவேன்.

உன் அண்ணனின் ஸ்பேனர்களைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. கணக்கு சார் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். பெயிண்டர்தான் பொசுக்கென்று போட்டு உடைத்தார்: ‘நர்ஸம்மா வீட்டு வண்டி வருதும்மா. உங்க சீட்டு வேணும்.’

சீட்டு என்றால் உனக்குப் புரியாது. விளக்கமாகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு தடவை, மூன்று பேரும் சேர்ந்து போய் ஒரு காரைப் பார்த்தார்கள். ஒருத்தர் ஆசையை ஒருத்தர் ஊதி ஊதிப் பெரிதாக்கி, அன்றே வாங்கி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தெரு முனை திரும்பும்போது கார் நடுவில் மடங்கிவிட்டது. அடிச்சட்டம் முழுக்கத் துரு. அன்றைக்குப் போட்ட விதி இது: வண்டியை மூன்று பேரும் தனித்தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. கண்டதை ஒரு சீட்டில் எழுதி, கடைசியில் ஒரே வார்த்தை: ‘எடுக்கலாம்’ அல்லது ‘வேண்டாம்’. சீட்டுகளை எழுதாத ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரே ஒரு ‘வேண்டாம்’ வந்தாலும் கதை முடிந்தது. ‘எடுக்கலாம்’ என்று எழுதினால் அதற்குக் கீழேயே எந்த வேலையைத் தான் செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வண்டி ஓடும்வரை விலகக் கூடாது. பதினெட்டு வருஷமாக நம் சாப்பாட்டு மேசையில் அந்தச் சீட்டுகளைப் படித்தவள் நான்தான். ஒன்றுகூட எழுதியதில்லை.

இந்த நர்ஸம்மா வண்டி அவர்களுக்குப் பழைய காயம். இரண்டே கதவு, அதுவும் பின்பக்கமாகத் திறக்கும். அந்த மாடலில் மொத்தமே நானூறு சொச்சம்தான் செய்தார்களாம். இன்று மிச்சம் இருப்பதை விரல் விட்டு எண்ணலாம் என்கிறார் பெயிண்டர். பதினோரு வருஷத்துக்கு முன்பு அதைப் பார்த்து வந்து இரண்டு பேர் ‘எடுக்கலாம்’ எழுதினார்கள். உன் அண்ணன் ‘வேண்டாம்’ எழுதினார். அதைப் படித்ததும் நான்தான். அன்றைக்குப் பெயிண்டர் டீயைக் குடிக்காமலேயே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது அந்த வண்டி நிற்கிற ஷெட்டை இடிக்கப் போகிறார்கள். சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை வெட்டி எடுத்துப் போகிறார். அதற்குள் புதிதாக மூன்று சீட்டு வேண்டும். நான் ஊருக்குப் போகிறேனே என்றேன். கணக்கு சார், ‘தெரியும்மா. அதனால உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதுங்க. வேண்டாம்னா வேண்டாம். நாங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்’ என்றார்.

வியாழக்கிழமை போகிறேன். உன் அண்ணனே வேண்டாம் என்ற வண்டி, எனக்கு என்ன கஷ்டம்? அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நீ கவலைப்படாதே, பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாகிவிட்டது.

குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை

சிட்டும்மா,

முந்தின கடிதம் கிடைப்பதற்குள் இதுவும் கிடைத்தாலும் கிடைக்கும். இரண்டையும் வரிசையாகப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் குழம்பி, எதற்குக் கூப்பிட்டேனோ அதை விட்டுவிட்டு வேறெதையாவது பேசிவிட்டு வைப்பேன். நம் இரண்டு பேருக்கும் அது தெரிந்த கதைதானே.

வியாழன் காலையில் போனோம். நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வண்டி அவருடைய அப்பாவுடையது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட், ஒரு பக்கம் உடைந்த நாற்காலிகள், நடுவில் வண்டி. வெளிர்ப் பச்சை நிறம், நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. முன்பக்கம் மூக்கு நீண்டு, கண் இரண்டும் அகன்று, ‘இப்பதான் வரத் தெரிஞ்சுதா?’ என்று கேட்கிற மாதிரி இருந்தது அதன் முகம்.

முதலில் பெயிண்டர் போனார், பிறகு கணக்கு சார். ஆளுக்கு அரை மணி. வெளியே வரும்போது இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. விதியாம். பெயிண்டரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்ததே பெரிய அதிசயம்.

மூன்றாவதாக நான். உன் அண்ணனின் காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, வண்டியில் கீறல் விழக் கூடாதென்று அதற்கு வெல்வெட்டில் நான் உறை தைத்துக் கொடுத்திருந்தேன். காந்தத்தைக் காரின் உடம்பில் வைத்தால் இரும்பில் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் பூசியிருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது. இது அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய பரீட்சை. அவருடைய பழைய சீட்டையும் கொண்டு போயிருந்தேன். துணி மாதிரிகள் வைக்கிற என் கோப்பில்தான் எல்லாச் சீட்டும் இருக்கின்றன. ‘உடம்பு முழுக்க நல்ல இரும்பு. ஆனால் இரண்டு கதவிலும் காந்தம் எங்குமே ஒட்டவில்லை. தட்டினால் மொத்து மொத்தென்று சத்தம். கதவு முழுக்கப் பட்டி. இந்த மாடலுக்கு மாற்றுக் கதவு உலகத்தில் கிடையாது. வேண்டாம்.’ அப்படியே அவர் குரலில் காதில் கேட்டது.

நானும் வைத்துப் பார்த்தேன். கூரையில் பட்டென்று ஒட்டியது. பக்கவாட்டில் ஒட்டியது. கதவில் வைத்தால் சறுக்கிக்கொண்டு கீழே வந்தது. தட்டினேன். மொத்து மொத்து. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒளிப்பானேன்? ‘வேண்டாம்’ என்று எழுதினால் அது உன் அண்ணன் சொன்னது, என் தலையில் பழி இல்லை, இருபதாம் தேதி விமானம் ஏறலாம். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

ஆனால் சிட்டு, எனக்குக் காரை வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு காரையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கார் என்றால் சீட், கூரைத் துணி, கதவின் உள்பக்கத்து அட்டை. அந்த அட்டையை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கை சும்மா இருக்கவில்லை. கைப்பிடியைக் கழற்றி, ஓரத்து க்ளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, அட்டையை எடுத்தேன். உள்ளே கதவுத் தகட்டின் மேல் மேலிருந்து கீழ்வரை தடித்த கம்பளித் துணி ஒட்டியிருந்தது. கம்பெனி வேலை இல்லை, யாரோ வீட்டில் கத்தரித்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெட்டு கோணல்மாணலாக இருந்தது. அதனால்தான் மொத்து என்ற சத்தம்! ஒரு முனையைப் பிடித்து உரித்தேன்.

பட்டியும் இல்லை, துருவும் இல்லை. வெள்ளை வெளேரென்று தகடு. ஊசியால் கீறிப் பார்த்தேன், நம் வீட்டுப் பால் பாத்திரத்தை அழுத்தித் தேய்த்தால் வருமே, அந்த மினுக்கம். அலுமினியம்! அந்தக் கதவுகளை இரும்பில் செய்யவே இல்லை. அலுமினியத்தில் காந்தம் எப்படி ஒட்டும்? மூன்று மேதாவிகள் பதினோரு வருஷம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், சமையலறையில் தினமும் பாத்திரம் கழுவுகிற ஒருத்தியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்க வழியில்லை. சீட்டு எழுதுகிறவர்கள் மட்டும்தான் வண்டியைப் பார்க்கப் போகலாம் என்பது விதி. வாங்காத வண்டியில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது என்பது உன் அண்ணனின் மரியாதை. அந்த மரியாதைதான் அவரை ஏமாற்றிவிட்டது.

உன் அண்ணனைக் குறை சொல்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. முதலில் வாய்விட்டுச் சிரித்தேன், ஷெட்டில் தனியாக. ‘மாட்டிக்கிட்டீங்களா’ என்றும் சொன்னேன். பிறகு அழுகை வந்துவிட்டது. அவர் தப்புச் செய்ததற்காக இல்லை. இதை அவரிடம் சொல்லிச் சிரிக்க முடியவில்லையே, ‘ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா’ என்று என் மேலேயே பழியைப் போடுவாரே, அதைக் கேட்க முடியவில்லையே என்றுதான்.

பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். இனி உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் இந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். துணியைப் பழையபடி ஒட்டி, அட்டையை மாட்டி, ‘வேண்டாம்’ என்று எழுதியிருக்கலாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். சனிக்கிழமை வண்டி துண்டு துண்டாகியிருக்கும், நான் உன்னிடம் வந்திருப்பேன். ‘எடுக்கலாம்’ என்று எழுதினாலோ, கீழே என் வேலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருஷ வேலை. நீ வாங்கி அனுப்பிய டிக்கெட்டும், நாலாவது தடவை வந்த போனும் என் கண் முன்னால் நின்றன.

இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை அதுபாட்டுக்குப் பின்சீட்டின் கிழிசலுக்குள் போயிருக்கிறது. உள்ளே குதிரை முடி அடைத்திருக்கிறார்கள், சிட்டு! ஸ்பிரிங் ஒன்றுகூட உடையவில்லை. ஓரத்துக் குழாய்த் தையல் முழுக்கக் கைத்தையல். பிரித்தால் எத்தனை துண்டு வரும், எத்தனை மீட்டர் வேண்டும், எந்த நூல் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணி முடித்த பிறகுதான் தெரிந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவை. இதை எழுதும்போதுகூட ஏதோ திருடினவள் மாதிரி வெட்கமாக இருக்கிறது.

சீட்டுகளை நர்ஸம்மாதான் அவர் சமையலறை மேசையில் வைத்துப் படித்தார். நான் எழுதுகிறவளாகிவிட்டேனே, வேறு யார் படிப்பது? மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி ஒரே தொனியில் படித்தார். பெயிண்டர் எழுதியது ஒன்றரை வரி: ‘கதவு எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. எடுக்கலாம்.’ கணக்கு சார் நம்பர் போட்டுப் பதினேழு குறைகள் எழுதியிருந்தார், கடைசியில் ‘எடுக்கலாம்’. பிறகு என்னுடையது. ‘கதவில் இருப்பது பட்டி அல்ல. அலுமினியம். இடது கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், போய்ப் பாருங்கள். எடுக்கலாம். சீட், கூரைத் துணி, கதவு அட்டை: நான்.’ அதன் கீழே என் கையெழுத்து.

நர்ஸம்மா படித்து முடிக்கவில்லை, பெயிண்டர் செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடினார். அங்கிருந்து ‘ஐயோ, ஐயோ, ஐயோ’ என்று சத்தம். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். கம்பளித் துணியைப் பற்றிக் கேட்டதும் நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அப்பாவுக்குச் சத்தமே ஆகாதாம். கதவு சாத்தும்போது தகரம் மாதிரிச் சத்தம் வருகிறதென்று அவரே ஒரு மழைநாள் முழுக்க உட்கார்ந்து ஒட்டினாராம், இவர் சின்னப் பெண்ணாகப் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே என்றார்.

கணக்கு சார் மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, ‘மூணு பேரு, மூணு பேருன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம்மா. எப்பவுமே நாலு பேருதான். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தவன், எண்ணத் தெரியாம இருந்துட்டேன்’ என்றார். டீ ஆறிப் போகிறது என்றேன். உனக்கு அண்ணியாக இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, ஆனால் யாரும் என்னை எண்ணிச் சேர்த்துக்கொண்டது அன்றைக்குத்தான். அந்த இரண்டு பேருக்கும் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

வெள்ளிக்கிழமையே வண்டியை இழுத்து வந்துவிட்டோம். மெஷினையும் கொடுக்கப் போவதில்லை, கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நர்ஸம்மா கேட்டது ஒன்றே ஒன்று, ஓடும்போது ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம். உரித்த கம்பளித் துணியைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

இனி உன் விஷயம். உன்னிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் போன பிறகு நான் தினமும் எழுந்து பல் தேய்த்ததே, சாயங்காலம் நீ போன் செய்வாய், ‘சாப்பிட்டீங்களா அண்ணி’ என்று கேட்பாய், பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான். அந்தக் கடனை நான் இந்த ஜென்மத்தில் அடைக்க முடியாது. ஆனால் நீ என்னைக் கூப்பிட்டது எனக்காக மட்டும்தானா? உண்மையைச் சொல். அந்த வீட்டில் உனக்கும் பேச ஆள் இல்லை. நான் அங்கே வந்தால் ஒரே மௌனத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அதனால் இதோடு ஒரு வெற்றுச் சீட்டு வைத்திருக்கிறேன். கணக்கு சாரிடமும் பெயிண்டரிடமும் கேட்டுத்தான் வைத்திருக்கிறேன், விதிப்படி எல்லாம் சரி. என்னைப் பற்றி நீ எழுது. ஒரே ஒரு ‘வேண்டாம்’ போதும். நான் இருபதாம் தேதி விமானம் ஏறிவிடுவேன், வண்டியை அவர்கள் வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள்வார்கள், உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் இருக்காது. இது சத்தியம்.

‘எடுக்கலாம்’ என்று எழுதினால், கீழே உன் வேலையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன வேலை தெரியும் என்று யோசிக்காதே. அந்தச் சீட் முழுக்கக் கைத்தையல், சிட்டு. எனக்குக் கண் மங்குகிறது. ஊசியில் நூல் கோர்க்க எனக்கு ஆள் வேண்டும்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டி காலியாகத்தான் இருக்கிறது. நான் அங்கே வருவதா, நீ இங்கே வருவதா என்று நீயே சொல். எங்கே இருந்தாலும் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், என் தங்கமே.

உன் சீட்டுக்காகக் காத்திருக்கும்
அண்ணி